பூக்கடைக்காரரின் வரவுக் கணக்கு

ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையானாலும் திருச்சி காந்தி மார்க்கெட்டானாலும், கையில் முதல் இல்லாத சிறு வியாபாரிக்கு எளிதில் கிடைப்பது தண்டல் எனும் நாள் வசூல் கடன். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 மட்டும் தந்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலித்தால், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இல் வந்தும் தண்டல் ஓயவில்லை. வங்கி கேட்கும் வருமானச் சான்று தரைக்கடைக்காரரிடம் ஏது?

கைப்பேசிப் பணத்தின் உண்மையான பயன் இங்கேதான். 2016இல் வந்த யுபிஐயால் சில்லறைத் தகராறு குறைந்தது; வந்த தொகையை ஒலிபெருக்கிப் பெட்டி தமிழிலேயே உரக்கச் சொல்கிறது. இவை வசதிகள். விற்ற ஒவ்வொரு முழமும் வங்கியில் வரவாகப் பதிந்து, வருமானத்துக்குச் சான்றாக நிற்பதே பெரிது. 2020 ஜூனில் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம், சாலையோர வியாபாரிகளுக்கு ஈடில்லாமல் முதலில் 10,000 ரூபாய் கடனும் 7 சதவீத வட்டி மானியமும் அறிவித்தது; மின்னணு வரவுகளுக்கு மாதம் 100 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் சேர்த்தது. தவணை தவறாதவருக்கு அடுத்தடுத்த கடன் 20,000, 50,000 என உயர்ந்தது.

கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை சுமார் 1,94,000 குடும்பங்களை வறுமையிலிருந்து மீட்டதாகப் பொருளியலாளர்கள் தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016இல் கணக்கிட்டனர். அந்தக் கணக்கு திருச்சிக்கு அப்படியே பொருந்தாது. கென்யாவில் வங்கிக் கணக்கே வேண்டாம், பெட்டிக்கடை முகவர் போதும். யுபிஐயோ வங்கிக் கணக்கின் மேல் நிற்பது; 2014இல் தொடங்கிய ஜன்தன் கணக்குகள் அதற்கு வழி போட்டன.

ஆகவே கணக்கு யார் பெயரில் என்பதே முக்கியம். பூ கட்டுபவர் தாய், க்யூஆர் அட்டை மகனுடையது என்றால், தாயின் உழைப்பின் வரவு அவர் கைக்கு எட்டாது. கணக்கு அவருடையதே ஆனாலும் தொல்லை தீர்ந்தபாடில்லை. 2023 செப்டம்பரில் தமிழக அரசின் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் பெண்களின் கணக்கிலேயே விழுந்தது. உடனே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அதிலிருந்து பிடித்தம் செய்தன. அப்போதைய மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டிக்க வேண்டியதாயிற்று. மடியில் முடிந்த ரொக்கத்தில் யாரும் இப்படிக் கைவைக்க முடியாது. இணைய மோசடியில் பணம் போனால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். வங்கிப் பிடித்தத்தைக் கேட்கக் கிளையின் வாசலில் போய் நின்றால், அன்றைய வியாபாரத்தை விட்டுவிட வேண்டும்.