தேசப்படத்தில் பெயர்களுக்கு இடமளிக்கும் விதிகள்

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் இராச்சியத்தை அளந்து படமாக்கும் பணி காலின் மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் ஒவ்வோர் ஊர்ப்பெயரையும் எங்கே எழுதுவது என்பதைப் படம் வரைவோர் கண்ணால் பார்த்தே முடிவு செய்தனர். இன்று அம்முடிவைக் கணிப்பொறி செய்கிறது. ஆயின் அதற்குரிய விதிகளை மனிதரே முன்கூட்டி வகுத்துத் தரவேண்டும்.

அவ்விதிகளிற் பல பழையனவே. சுவிட்சர்லாந்தின் படவரைவறிஞர் எடுவார்ட் இம்ஹோஃப் 1962-இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். புள்ளியாகக் குறிக்கப்படும் ஊரின் பெயர் அதன் வலப்புறம் சற்று மேலே அமைதல் நன்று. ஆற்றின் பெயர் அதன் வளைவைத் தழுவிச் செல்லவேண்டும். ஆற்றங்கரை ஊரின் பெயர் அவ்வூர் இருக்கும் கரையிலேயே நிற்றல் வேண்டும். எதிர்க்கரையில் நின்றால் களப்பணியாளர் ஊரைத் தவறான கரையில் தேட நேரும்.

தனித்தனியே நோக்கின் இவை எளியவை. ஒன்றோடொன்று மோதும்போதுதான் தொல்லை எழுகிறது. ஓர் ஊர்ப்பெயருக்கு எட்டு இடங்கள் உண்டெனில், பத்து ஊர்களின் பெயர்களை 107 கோடிக்கு மேற்பட்ட வகைகளில் அமைக்கலாம்! அனைத்தையும் சோதிப்பது வீண்வேலை. ஆகையால் கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் விலையில்லா மென்பொருள், ஒவ்வோர் இடத்திற்கும் குறைநிறை மதிப்பிட்டு, மொத்தக் குறை சிறுத்த ஓர் அமைப்பைத் தேடிக்கொள்கிறது. எப்பெயர் முந்தியது என்பதை 0 முதல் 10 வரையுள்ள முன்னுரிமை எண்ணால் நாம் குறிப்பிடலாம். எதன்மேல் எழுத்து படியலாகாதோ அதனைத் தடையென அறிவிக்கலாம்.

மைசூருவுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள ஸ்ரீரங்கப்பட்டணமே இதற்குத் தக்க சோதனை. அது காவிரி இருகிளையாகப் பிரிந்து சூழும் தீவு. நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். 1:10,00,000 அளவுள்ள படத்தில் தீவு அரை சென்டிமீட்டரே வரும். நீண்ட அப்பெயர் அதனுள் அடங்காது. இருகரைகளோ பிற ஊர்களுக்கு உரியவை. காவிரியின் பெயருக்கு மிகுந்த முன்னுரிமை தந்துவிட்டால், மென்பொருள் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சொல்லாமலே விட்டுவிடக்கூடும். படமோ குறையற்றதுபோலவே தோன்றும்! அச்சிடுமுன், இடம்பெறாத பெயர்களைக் காட்டும் வசதியை இயக்கிப் பார்ப்பது இன்றியமையாதது. விடுபட்டவை சிவப்பு எழுத்தில் வெளிப்படும். பின்னர் அப்பெயரை வெற்றிடத்தில் அமைத்து, மெல்லிய கோட்டினால் தீவுடன் இணைக்கலாம்.

கன்னட எழுத்தில் அச்சிடுவோர்க்கு இன்னுமொரு கவனம் தேவை. அம்மொழியில் கூட்டெழுத்தின் இரண்டாம் மெய் கீழே தொங்கும். இவ்வூர்ப்பெயரிலேயே அத்தகைய எழுத்து இரண்டு இடங்களில் வருகிறது. ஆங்கில எழுத்தை மட்டும் எண்ணி வரியிடைவெளி வகுத்தால், அத்தொங்கல்கள் கீழுள்ள பெயரின்மீது படியும்.