கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச்: இ.எம்.ஐ. போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

சர்வீஸ் சென்டர்ல மெக்கானிக்கா இருக்கீங்க, சொந்தமா ஒரு கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கலாமான்னு யோசிக்கிறீங்களா?

முதல்ல பேட்டரியைப் பாருங்க. பிரஷ்லெஸ் மோட்டார்ல தேயுறதுக்கு கார்பன் பிரஷ் கிடையாது. ஆனா லித்தியம் அயன் பேட்டரி, சார்ஜ் போடப் போட வலு குறையும். ஒரு பிராண்டு பேட்டரி இன்னொன்றில் பெரும்பாலும் பொருந்தாது. அதனால மாற்று பேட்டரி விலையும் உங்கள் செலவுதான்.

உதாரணத்துக்கு, செட் 18,000 ரூபாய், நடுவுல ஒரு பேட்டரி 6,000 ரூபாய்னு வச்சுக்குங்க. 4 வருஷம் உழைச்சா மாசம் 500 ரூபாய். கடன் வட்டி தனி.

அந்த 500 யாருக்குத் திரும்பி வருது? வெறும் மாசச் சம்பளம்னா, மிச்சமாகும் நேரம் முதலாளிக்கு. வண்டிக் கணக்கில் இன்சென்டிவ் வந்தாலோ, வெளிவேலை இருந்தாலோதான் உங்களுக்கு லாபம்.

வரியிலும் இதே கதைதான். சம்பள வருமானத்தில் டூல்ஸ் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனோட சரி. சொந்த கேரேஜ் வச்சு, கணக்கு எழுதுறவருக்கு வருஷம் 15% தேய்மானம் கிடைக்கும்.

அதனால, இன்சென்டிவ் இல்லையா? டூலை கம்பெனியையே வாங்கித் தரச் சொல்லுங்க. கேட்கிறதுல தப்பே இல்லை!