பாட்டிலில் இருக்கும் 18 எதைச் சொல்கிறது?

பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து பூம்புகார் வந்த மச்சான், ஏர்போர்ட் கடையில் இரண்டு பாட்டில் வாங்கி வந்திருந்தார். ஒரே கம்பெனியின் பிளெண்டட் ஸ்காட்ச். ஒன்றில் 12, இன்னொன்றில் 18. "பதினெட்டு ரெண்டு மடங்கு விலை மாப்ள. வாயில வச்சதுமே தெரியும் பாருங்க" என்றார்.

தெரியுமா? எனக்குச் சந்தேகம். சாஃப்ட்வேர்காரனுக்கு எதையும் டெஸ்ட் பண்ணாமல் நம்ப வராது.

முறை எளிது. மூன்று தம்ளர். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் மட்டும் வேறு. எது வேறு என்று சொல்லணும். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதால் எவர்சில்வர் தம்ளர். மனைவி சமையலறையில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார் (முகத்தில் எந்த உற்சாகமும் இல்லை). ஆளுக்குக் கால் அவுன்ஸ்கூட இல்லை. முகர்ந்து, நாக்கில் நனைத்துப் பார்க்க மட்டும். இரண்டு நாளில் ஆறு சுற்று. நான் மூன்று சரி, மச்சான் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலே ஆறில் இரண்டு சரியாக வரும். மூன்றோ அதற்கு மேலோ வர நூற்றுக்கு 32 வாய்ப்பு. அதாவது எங்கள் இருவருக்கும் ஒன்றுமே தெரியவில்லை. மச்சான் முகம் வாடிவிட்டது.

அப்போ 18 என்பது ஏமாற்றா? இல்லை. ஆனால் நாம் நினைக்கிற பொருளும் அதற்கு இல்லை. பிளெண்டட் ஸ்காட்ச் என்பது வாற்கோதுமை மால்ட்டில் செய்த விஸ்கியையும், வேறு தானியங்களும் சேர்த்துச் செய்த கிரெய்ன் விஸ்கியையும் கலந்தது. கலவையில் எது வயதில் இளையதோ அதன் வயதைத்தான் பாட்டிலில் போடணும் என்பது சட்டம். 30 வருஷச் சரக்கில் ஒரு கரண்டி 12 வருஷச் சரக்கு விழுந்தால் அது 12தான். சராசரி எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. நிறமும் சொல்லாது, கேரமல் சேர்க்க அனுமதி உண்டு.

வயது ஏறும்போது ஓக் மரப் பீப்பாய் மூன்று வேலை செய்கிறது. கரியாக்கிய உள்பக்கம் கந்தக வாடையை இழுத்துக்கொள்ளும். மரம் வெனிலா, தேங்காய் மாதிரியான மணங்களைக் கொடுக்கும். மூன்றாவது வேலைதான் மெதுவானது: மரத்துக்குள் காற்று புகுந்து, அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து பழவாசனை உருவாவது. இதெல்லாம் ஊரின் சூட்டைப் பொறுத்தது. ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் பீப்பாயிலிருந்து ஆவியாகிறது. பெங்களூரு அம்ருத்தில் அது 10 சதவீதத்துக்கு மேல். அங்கே 18 வருஷம் வைத்தால் பீப்பாயில் மிஞ்சுவது கொஞ்சம்தான், மரக்கசப்பும் ஏறிவிடும். டெல்டாக்காரர்களுக்கு இது புதுசில்லை. அரிசியும் ஒரு வருஷம் பழசானால் சாதம் உதிரும். அதற்காகப் பத்து வருஷம் வைப்போமா?

முதுமைக்கு எல்லோரும் ஒரே மதிப்பெண் கொடுத்ததும் இல்லை. புறநானூற்றில் (392) ஔவையார் நாட்பட்ட தேறலைப் புகழ்வது அது தேள் கொட்டியதுபோலக் கடுப்பதற்காக! நாமோ விஸ்கி பழசானால் "ஸ்மூத்" என்று புகழ்கிறோம். எங்க ஊரைப் பாடும் பட்டினப்பாலையில் பெண்கள் மட்டு என்ற கள்ளை விலக்கி மது என்ற வேறொன்றை விரும்பிக் குடிக்கிறார்கள். இரண்டு பானங்களை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ருசி இந்தக் கடற்கரையில் 2000 வருஷம் முன்பே இருந்திருக்கிறது. எனக்குத்தான் இல்லை போல.

தோல்விக்குக் காரணம் தேடினேன். தப்பு செய்முறையில். கடலோரப் புழுக்கத்தில் ஆல்கஹால் ஆவி முதலில் எழுந்து மூக்கை மரத்துப்போகச் செய்கிறது. அகல வாய்த் தம்ளரில் மணம் நிற்காது. தண்ணீரே கலக்கவில்லை. தொழில்முறை பிளெண்டர்கள் முகரும்போது 20 சதவீத அளவுக்கு நீர்க்கச் செய்வார்கள். 2017இல் ஸ்வீடனில் இரண்டு ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர் சிமுலேஷனில் காட்டியதும் இதோடு பொருந்துகிறது: ஆல்கஹால் செறிவு குறைவாக இருந்தால் புகைமணம் தரும் குவாயகால் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது.

மறுபடி செய்தோம். வாய் குறுகிய சின்ன கிளாஸ், சுற்றி நியூஸ்பேப்பர், அடியில் ஈரத்துணி, விஸ்கிக்குச் சம அளவு தண்ணீர், கால் மணி நேரக் காத்திருப்பு. இந்த முறை ஆறில் ஐந்து சரி. குருட்டாம்போக்கில் இது வர நூற்றுக்கு 2தான். மச்சானுக்கு நான்கு.

வித்தியாசம் மூக்கில் இருந்தது, நாக்கில் அல்ல. 12இல் ஆப்பிள், வெனிலா பளிச்சென்று முதலில் வந்து சீக்கிரம் அடங்கியது. 18இல் உலர்திராட்சை, பழைய மரப்பெட்டி, மெதுவாக வந்தது. "ஸ்மூத்"தில் எனக்கு வித்தியாசமே இல்லை. ருசியில் எது பிடித்தது என்றால், உண்மையைச் சொல்லணும், 12தான். மச்சானிடம் சொல்லவில்லை.

காலையில் கழுவாத கிளாஸ்களை எடுத்து முகர்ந்தேன். 12 இருந்ததில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 18 இருந்ததில் இன்னும் அந்த மரப்பெட்டி. மனைவியிடம் நீட்டினேன். "தாத்தா பீரோ வாசம்" என்று சொல்லிவிட்டு வாங்கிக் கழுவப் போட்டுவிட்டார்.