கெலுகோரில் ஒரு செமஸ்டர்: வகுப்பும் தொழிற்பயிற்சியும் ஒன்றாக

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், ஜார்ஜ் டவுனுக்கும் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் நடுவில் இருக்கிறது கெலுகோர். பெருநிலத்திலிருந்து கடலைத் தாண்டி வரும் பினாங்குப் பாலம் தீவில் கால் வைப்பது இங்கேதான். யுஎஸ்எம் என்று எல்லோரும் அழைக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகமும் இங்கேதான், மின்டன் என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாமில் இருக்கிறது. தெற்கே சில கிலோமீட்டர் போனால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்துவிடும். வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து ஒரு செமஸ்டருக்கு வரும் மாணவர் இந்த வளாகத்தில் படித்துக்கொண்டே அந்தத் தொழிற்பேட்டையில் பயிற்சியும் பெறலாம். அது எப்படி நடக்கிறது, யார் யாரிடம் என்ன கடிதம் வாங்க வேண்டும், எந்த இடத்தில் சிக்கல் வரும் என்பதைப் பார்ப்போம்.

வளாகமும் தொழிற்பேட்டையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவானவை. சுங்க வரியில்லாத சுதந்திரத் துறைமுகச் சலுகை பறிபோனதால் 1960களின் கடைசியில் பினாங்கில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. 1969இல் லிம் சொங் இயூ மாநில முதலமைச்சரானார். நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகமான யுஎஸ்எம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். வேலைவாய்ப்பைப் பெருக்க 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறக்கப்பட்டது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அந்த ஆண்டு அங்கே அமைத்தது. ஏஎம்டி, போஷ், ஹிட்டாச்சி, ஹியூலட் பேக்கர்ட் போன்றவற்றையும் சேர்த்து, முதலில் வந்த எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று பினாங்கில் இன்றும் சொல்வார்கள். உலகில் மின்னணுச் சில்லுகளைப் பொருத்தி, சோதித்து, உறையிடும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பங்கு பினாங்குடையது. பி. பிரவுன் போன்ற மருத்துவக் கருவி நிறுவனங்களும் இதே வட்டாரத்தில் இருக்கின்றன.

வருவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். யுஎஸ்எம்மின் பொறியியல் வளாகம் கெலுகோரில் இல்லை. அது பாலத்துக்கு அப்பால், பெருநிலத்தில், நிபோங் தெபாலில் இருக்கிறது. மின்னணுவியல் மாணவர் அங்கே தங்கிப் படித்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் பாயான் லெப்பாஸுக்கு வந்துபோக நினைத்தால் பயணமே அவரைத் தின்றுவிடும். கணினி அறிவியல், நிர்வாகவியல், இயற்பியல், வேதியியல், மருந்தியல், தகவல் தொடர்பு போன்றவைதான் மின்டன் வளாகத்துக்கு உரியவை. அழைப்புக் கடிதம் வந்ததும் எந்த வளாகம் என்று பாருங்கள்.

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். வகுப்பையும் பயிற்சியையும் இணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் நிறுவனம் என ஒரே சமயத்தில் இரண்டையும் நடத்துவது. இன்னொன்று, முதலில் செமஸ்டரை முடித்துவிட்டு, பிறகு வரும் நீண்ட விடுமுறையில் முழுநேரப் பயிற்சிக்குப் போவது. மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்கும். இரண்டாம் செமஸ்டர் ஏறத்தாழ ஜூலையில் முடியும். ஆகவே இரண்டாவது வழியை விரும்புகிறவர் இரண்டாம் செமஸ்டருக்கு வருவதுதான் பொருத்தம்.

எது நல்லது என்பதை நேரக் கணக்கே சொல்லிவிடும். மலேசியத் தகுதி முகமையின் விதிப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுக்குப் படிப்பது எல்லாம் இதற்குள் அடங்கும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். அப்படி நான்கு பாடம் எடுத்தால் 480 மணி நேரம். வகுப்பு நடப்பது 14 வாரம் என்பதால் வாரத்துக்குச் சுமார் 34 மணி நேரம் ஆகிறது. இதன்மேல் இரண்டு நாள் பயிற்சிக்கு 16 மணி நேரத்தைச் சேர்த்தால் வாரம் 50 மணி நேரம். புது ஊரில், புதுச் சாப்பாட்டோடு, போக்குவரத்து நெரிசலையும் சமாளித்துக்கொண்டு இதைச் செய்து முடிப்பது கடினம். மூன்று பாடமாகக் குறைத்தால் வாரம் 42 மணி நேரத்தில் நிற்கும். என் கருத்து இதுதான்: ஒரே சமயத்தில் இரண்டையும் செய்ய விரும்பினால் மூன்று பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நான்கு பாடம் கட்டாயம் என்று உங்கள் கல்லூரி சொன்னால் விடுமுறைப் பயிற்சிக்குப் போங்கள்.

பயிற்சிக்கும் கிரெடிட் உண்டு. மலேசியாவில் பொறியியல் படிப்புகளுக்கான அங்கீகார விதி, இரண்டு வார முழுநேரத் தொழிற்பயிற்சிக்கு ஒரு கிரெடிட் தருகிறது. அந்தக் கணக்கில் எட்டு வாரம் போனால் நான்கு கிரெடிட். வாரம் இரண்டு நாள் வீதம் 14 வாரம் போனால் 28 வேலை நாள்தான் சேரும். அது மூன்று கிரெடிட்டைக்கூடத் தொடாது. கிரெடிட்டுக்காகவே பயிற்சி தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் இந்த கிரெடிட்டை உங்கள் கல்லூரி எப்படி ஏற்கும்? பலர் தடுமாறுவது இங்கேதான். நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறு. இந்தியாவின் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு ஓராண்டுக்கு 1200 மணி நேரத்தையும் 40 கிரெடிட்டையும் வைக்கிறது, அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். ஐரோப்பாவில் அது 25 முதல் 30 மணி நேரம். மலேசியாவில் 120 மணி நேரம் உழைத்த மூன்று கிரெடிட் பாடம் மணிக்கணக்கில் இந்தியாவின் நான்கு கிரெடிட்டுக்குச் சமம். மதிப்பெண் பட்டியலில் ‘3’ என்று மட்டும் இருந்தால் அலுவலகத்தில் மூன்றாகவே எழுதிவிடக்கூடும். பாடத்திட்டத்தையும் மொத்த மணி நேரத்தையும் துறையின் முத்திரையோடு எழுத்தில் வாங்கிவிடுங்கள். எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடு என்ற ஒப்பந்தத்தில் உங்கள் துறைத்தலைவர் நீங்கள் புறப்படும் முன்பே கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

அடுத்தது அனுமதி. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் வரலாம். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் 2024 டிசம்பரில் தொடங்கிவிட்டது. இந்த வசதியைப் பார்த்துவிட்டு, முதலில் போய் இறங்கிவிடலாம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று யாரும் கிளம்பக் கூடாது. அந்தச் சலுகை சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்ப்பதற்கும் உரியது. படிப்புக்கும் பயிற்சிக்கும் அது செல்லாது. வெளிநாட்டு மாணவருக்கான அனுமதியை, அதாவது மாணவர் பாஸை, பல்கலைக்கழகமே கேட்டுப் பெற வேண்டும். குடிநுழைவுத் துறையின் ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகே புறப்பட வேண்டும்.

இதில் கூர்ந்து பார்க்க வேண்டியது மாணவர் பாஸின் முடிவுத் தேதி. விண்ணப்பத்தில் செமஸ்டரை மட்டும் குறிப்பிட்டால் அதையொட்டித்தான் பாஸ் தருவார்கள். ஜூலையில் பாஸ் முடிந்து, ஆகஸ்டில் பயிற்சி தொடர்ந்தால் நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று சில முகவர்கள் ஆசை காட்டுவார்கள். பகுதிநேர வேலையும் தொழிற்பயிற்சியும் ஒன்றல்ல. மலேசியாவில் வெளிநாட்டு மாணவர் பகுதிநேர வேலை செய்யலாம்தான், ஆனால் ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், வாரம் 20 மணி நேரத்துக்கு மிகாமல், உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு அங்காடி, ஹோட்டல் போன்ற இடங்களில், அதுவும் கல்வி நிலையம் வழியாக அனுமதி பெற்று. தொழிற்பயிற்சி என்பது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி என்று பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்தால்தான் அது பயிற்சி. அந்தக் கடிதம் இல்லாமல் ஆலைக்குள் போனால் கிரெடிட்டும் கிடைக்காது, சட்டப் பாதுகாப்பும் இருக்காது.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரு பல்கலைக்கழகங்களுக்கும் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் பொதுவாகச் சொந்தக் கல்லூரியில் கட்டணம் கட்டினால் போதும். ஒப்பந்தம் இல்லாமல் தனியாக வருகிறவர் இங்கே கட்ட வேண்டும். நிறுவனம் தருவது சம்பளம் அல்ல, அலவன்ஸ். தராமலும் போகலாம். அதை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள். தேசாசிஸ்வா என்று இங்கே அழைக்கப்படும் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தால் செலவு குறையும். வளாகத்தை ஒட்டிய சுங்கை டுவாவில் மாணவர் கைக்கு அடங்கிய விலையில் சாப்பாடு கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்குப் பேருந்தில் போய்விடலாம். காலையிலும் மாலையிலும் தொழிற்பேட்டைக்குச் செல்லும் விரைவுச்சாலை திணறும், நேரத்தோடு கிளம்புங்கள்.

பயிற்சிக்கு இரண்டு மேற்பார்வையாளர்கள் இருப்பார்கள்: நிறுவனத்தில் ஒருவர், பல்கலைக்கழகத்தில் ஒருவர். தினமும் செய்ததை லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் அறிக்கையும் வாய்மொழி விளக்கமும் இருக்கும். சில்லு ஆலைகளில் ரகசியக் காப்பு ஒப்பந்தம் கடுமையானது. உற்பத்தித் தளத்தில் படம் எடுக்க விடமாட்டார்கள், எண்களை வெளியே கொண்டுபோகவும் விடமாட்டார்கள். அறிக்கையில் எதை எழுதலாம் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். முடிக்கும்போது கேட்டால், எழுதியதில் பாதியை அடிக்க நேரும். ஆலையில் அடிபட்டால் எந்தக் காப்பீடு பொறுப்பேற்கும் என்பதும் அப்போதே கேட்க வேண்டியது. மாணவர் மருத்துவக் காப்பீடு வேலைத்தள விபத்தைச் சேர்க்காமல் இருக்கலாம்.

மொழியைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். அலுவலக வேலை ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் தேநீர் வேளையில் ஹொக்கியன், மலாய், தமிழ் எல்லாம் கலந்து ஓடும். ஒரு செமஸ்டர் மலாய்ப் பாடம் எடுத்தவருக்கு இயந்திரம் இயக்குபவரோடு நேரடியாகப் பேச முடிகிறது. ஆலையில் பழுது எப்படி வருகிறது என்பதை அவரைவிட நன்றாகச் சொல்பவர் யாரும் இல்லை. மூன்று பாடத்தில் ஒன்றை மலாய்க்கு ஒதுக்குவது வீண் போகாது.

பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். விமானச் சீட்டு வாங்கும் முன் மூன்று தாள்களைக் கேட்டுப் பாருங்கள்: கல்லூரி கையெழுத்திட்ட கிரெடிட் ஒப்பந்தம், பயிற்சியின் கடைசி நாள்வரை செல்லும் அனுமதிக்கான ஒப்புதல் கடிதம், நிறுவனத்தின் பெயரும் தேதிகளும் உள்ள பயிற்சிக் கடிதம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயணத்தை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவையுங்கள்.