கல்லைத் தேடி வந்தவர் கலையைக் கண்டார்

கண்ணோட்டம் என்னுஞ் சொல்லை இக்காலத்தார் நோக்கு, பார்வை என்னும் பொருளில் வழங்குகின்றனர். பத்திரிகைகளிலும் பாடநூல்களிலும் அப்பொருளே நிலைத்துவிட்டது. திருக்குறளில் இச்சொல்லுக்கென ஓர் அதிகாரமே இருக்கின்றது. ஆங்கு அது பிறர்பாற் செல்லும் இரக்கத்தைக் குறிக்கின்றது. தன்னோடு பழகியவர்மேற் கண் ஓடிச்செல்வது. சென்ற கண் வெறுங்கையோடு திரும்பாதது. ஒருவருடைய உலகப் பார்வை மாறிவிட்டது என்று எவரேனும் எழுதக் காணுந்தோறும், மாறியது எந்தக் கண்ணோட்டம், புதியதா பழையதா என்று வினாவிப் பார்ப்பது தமிழ் சொல்லிக்கொடுத்துத் தேய்ந்த என் போன்றவர்க்கு வழக்கமாகிவிட்டது.

அத்தகைய மாற்றங்களை நம் மரபு ஒரே நாளில், ஒரே நிகழ்ச்சியில் வைத்துக் காட்டவே பெரிதும் விரும்புகின்றது. சமணத்தில் தருமசேனராய் விளங்கிய மருணீக்கியாரைச் சூலை நோய் திருவதிகைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கலிங்கப் போர்க்களம் அசோகனை மாற்றியதை அவனே பதின்மூன்றாம் பாறைச் சாசனத்திற் பொறித்து வைத்தான். தமிழ் படித்தோர் அனைவரும் அறிந்த நாளொன்று உண்டு: 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21. கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை இளம் ஆசிரியர் உ. வே. சாமிநாதையர் சென்று கண்ட நாள். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாது, அவற்றினும் பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி 1887இற் சீவக சிந்தாமணியாக அச்சேறியது. பின்னர் சங்க நூல்களாகப் பெருகியது.

இங்ஙனம் ஒரு நாளைக் குறித்துக் காட்ட முடியாத மாற்றங்களும் உள. அவை வைகறை போல்வன. எந்த நொடியில் விடிந்தது என்று சொல்ல ஏலாது. ஆயின் விடிந்தது என்பதில் ஐயமில்லை. நான் வாழும் இந்தக் கண்டி மலைநாட்டில் அவ்வாறு கண் விடியப்பெற்றவர் ஒருவர் உண்டு. கலாயோகி என்று தமிழுலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி அவர்களே அவர்.

அவர் தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி கொழும்புத் தமிழர் குடியின் மணி. கிறித்தவரும் யூதரும் அல்லாதாருள் முதன்முதலாக இங்கிலாந்தில் வழக்கறிஞராக ஏற்கப்பட்டவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி 1863இல் இலண்டனில் வெளியிட்டவர். அவர் ஓர் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். 1877 ஆகஸ்ட் 22இற் பிறந்த மகன், இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையை இழந்தான். வளர்ந்ததும் படித்ததும் தாயின் நாட்டில். தந்தையின் மொழி செவியில் விழாத பிள்ளை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்று 1900இற் பட்டம் பெற்றது. 1903இல் இலங்கைக் கனிப்பொருளாய்வின் இயக்குநராக அவர் இங்கு வந்தபோது வயது இருபத்தைந்து. அவர் தேடி வந்தவை கற்கள்.

அத்தேடலிலும் அவர் தோற்றாரல்லர். கண்டிக்கு அண்மையில், அம்பகோட்டைப் பக்கத்துக் கங்கப்பிட்டியிற் கிடைத்த நீலநிறக் கனிப்பொருள் ஒன்றினை, பிரயர் என்னும் ஆங்கில அறிஞரும் அவரும் சேர்ந்து 1903இல் உலகுக்கு அறிவித்தனர். செரண்டிபைற் என்பது அதற்கு இட்ட பெயர். அராபியர் இத்தீவை அழைத்த செரண்டிப் என்னும் பழம்பெயரே அதனுள் இருக்கின்றது. ஊர்ப்பெயர் என்றவுடன் எங்கள் ஊர் நினைவு வருகின்றது. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலுக்குச் செல்லும் பெருவழியில் இருப்பது கலகெதர. சிங்களத்திற் 'கல' பாறை, 'கெதர' இல்லம். கல்லைக் கல் என்றே சொல்லும் நமக்கு முற்பகுதிக்கு அகராதி வேண்டுவதில்லை. குமாரசுவாமியின் வரலாற்றோடு எங்கள் ஊரை வலிந்து பிணைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஊர்ப்பற்று மிக்க ஆசிரியர்கள் செய்யும் அவ்வேலையை வேறு ஒருவர் செய்க.

கனிப்பொருளாய்வு அலுவலகத்தில் இருந்து முடிக்கும் வேலையன்று. ஊரூராகச் செல்லவேண்டும், மலையடிவாரங்களில் தங்கவேண்டும், கற்படுகை அறிந்த கிழவரிடம் வழி கேட்கவேண்டும். அங்ஙனஞ் சென்ற இடங்களிலெல்லாம் அவர் கண்ணில் வேறு பொருள்கள் விழுந்தன. தூண்களிற் செதுக்கிய மரச்சிற்பம், விகாரைச் சுவரோவியம், பித்தளை விளக்கு, அரக்குப் பூசிய கைப்பிடி, தும்பரைப் பாய். இவற்றைச் செய்தவர் யாவர் என்று அவர் கேட்டபோது, செய்யத் தெரிந்த முதியவர் இன்னும் உயிரோடிருந்தார், செய்விப்பவர்தாம் இல்லாதொழிந்தனர்.

அதன் காரணத்தை அவர் நிலவியலார்க்குரிய முறையிலேயே அடுக்கடுக்காகத் தோண்டிக் கண்டார். கண்டி மன்னர் காலத்திற் கைவினைஞன் கூலிக்கு உழைப்பவனல்லன். அவனுக்கு நிலம் இருந்தது. நிலத்துக்கு ஈடாக அரண்மனைக்கும் கோயிலுக்கும் வேலை செய்தான். 'பட்டல் ஹதர' எனப்பட்ட நான்கு அரச பட்டறைகள் இருந்தன. (பட்டடை, பட்டறை என்னும் நம் சொற்களோடு இதன் உறவை ஆராய்தல் மொழிநூலார்க்கு இனிய வேலையாகும்.) 1815 மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கையோடு அரசு போயிற்று. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. பின்னர்க் கோப்பித் தோட்டம் வந்தது. கப்பலில் மலிவுப் பொருள் வந்தது. வேந்தன் கொடுத்த நிலத்திலிருந்து விளைந்த விளக்கும் வேலைப்பாடும், வேந்தன் போனபின் வேரற்ற மரமாயின.

1905இற் கண்டிப் பிரதானிகளுக்கு அவர் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். பழைய விகாரைகளும் தேவாலயங்களும் கவனிப்பாரின்றி அழிவதையும், அவ்விடத்தில் அழகற்ற புதுக்கட்டடங்கள் எழுவதையும் எடுத்துக்காட்டி, காக்கும் பொறுப்பு உங்களுடையதன்றோ என இடித்துரைத்தார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும் அக்காலத்திலேதான். அதன் தலைவரும் அவரே. ஐரோப்பிய நடையுடைகளை ஆராயாது பின்பற்றுதலை அச்சங்கம் கண்டித்தது. தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தியது. தாய்மொழி ஆங்கிலமாகவே வாய்த்த ஒருவர் நம்மை நோக்கி இதனைச் சொல்ல நேர்ந்தது. நம் வீட்டு விளக்கு மங்கியிருப்பதை வெளியிலிருந்து வந்தவரே முதலிற் கண்டார்.

நேத்திர மங்கல்யம் என்னுஞ் சடங்கு பற்றி அவர் எழுதியிருப்பதை மாணவர்க்கு நான் ஆண்டுதோறும் விரித்துச் சொல்வதுண்டு. புத்தர் படிமம் முற்றுப்பெற்றபின் இறுதியாகத் தீட்டப்படுவன கண்கள். குறித்த நல்வேளையில், அடைத்த கதவுக்குள்ளே, கைவினைஞன் படிமத்தை நேர்நின்று நோக்காது கண்ணாடியிற் கண்டு கண்மணியைத் தீட்டுவான். முடிந்ததும் அவன் கண்ணைத் துணியாற் கட்டி வெளியே அழைத்து வருவர். கட்டவிழ்த்தபின் அவன் பார்வை முதலில் எதன்மேல் விழுகின்றதோ, அதனை அவன் வாளால் வெட்டுவதுபோல் ஒரு குறி செய்தாக வேண்டும். அவ்வளவு வலிமையுடையதாம் அந்த முதற்பார்வை. நம் தமிழ்நாட்டுச் சிற்பியரும் பொன்னூசியாற் கண் திறப்பர். திறந்த கண்ணுக்குக் கன்றோடு கூடிய பசுவையும் தானியக் குவியலையும் காட்டுவர். அங்கே அஞ்சப்படும் பார்வை, இங்கே மங்கலத்தால் ஏற்கப்படுகின்றது. எனினும் இரண்டிடத்தும் பார்வை என்பது விளையாட்டன்று என்னும் உணர்வு ஒன்றே. கல்லுக்கு வேதியியற் கூறுகளை எழுதிப் பழகிய கை இச்சடங்கை எத்துணை நுணுக்கமாகக் குறித்துவைத்தது என்பதை எண்ணுந்தோறும் வியக்கின்றேன். அறிவியலார் அச்சடங்கை மூடநம்பிக்கை என்று ஒரு வரியிற் கடந்து சென்றிருக்கலாம். அவர் கடக்கவில்லை.

அவரோடு இங்கு வந்த துணைவியார் எதெல் அம்மையாரையும் மறத்தலாகாது. விகாரைகளையும் கைவினைகளையும் ஒளிப்படம் எடுத்தவர் அவரே. இல்வாழ்க்கை பின்னர்ப் பிரிந்தது. ஆயின் தாவரச் சாயத்தையும் கைத்தறியையும் கற்று, எதெல் மைரே என்னும் பெயரால் இங்கிலாந்தின் தலைசிறந்த நெசவாளருள் ஒருவரானார். மலைநாடு ஒரு வீட்டில் இருவருக்குக் கண் திறந்தது என்றே சொல்லலாம்.

இருவரும் திரும்பிச் சென்று பிராட் கேம்டன் என்னுஞ் சிற்றூரிற் பழைய தேவாலயம் ஒன்றைச் செப்பனிட்டுக் குடியிருந்தனர். வில்லியம் மொறிஸ் பெருமகனார் தம் நூல்களை அச்சிட்ட கையச்சுப்பொறி அங்கு வந்து சேர்ந்திருந்தது. அதிலேயே, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908இல் அச்சேறியது. படிகள் 425 மட்டுமே. கைத்தொழிலின் அழிவைச் சொல்லும் நூல் கைத்தொழிலாகவே உருவாதல் வேண்டும் என்பதில் அவர் எத்துணை உறுதியாயிருந்தார் என்பது இதனாற் புலனாகும்.

இந்நூலைச் சிங்களக் கலை என்னும் பெயர் கண்டு நம்மவர் ஒதுக்கிவைப்பதுண்டு. அது நன்றன்று. கண்டிக்கு மேற்கே கடலாதெனிய விகாரையை 1344ஆம் ஆண்டளவில் எழுப்பிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி தென்னிந்தியர் என்று அங்குள்ள கல்வெட்டே காட்டுகின்றது. அயலிலுள்ள இலங்காதிலகத்திற் சிங்களத்தோடு தமிழிலுஞ் சாசனம் உண்டு. தெகல்தொருவை ஓவியங்களைத் தீட்டுவித்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் நாயக்கர் குலத்தவன். உளிக்கு மொழிவேற்றுமை தெரியாது.

குமாரசுவாமியிடம் எனக்கு ஒவ்வாததும் உண்டு. குலத்தொழில் முறையின் அழகைக் கண்டவர் அதன் பாரத்தைப் போதிய அளவு நிறுத்துப் பார்த்தாரல்லர். தந்தை தட்டிய சம்மட்டியையே மகனும் தட்டுக என்பது கலைக்கு வாய்ப்பு. அம்மகன் வேறொன்று விரும்பினால் அதுவே விலங்கு. இராசகாரியத்திலும் இனிய பக்கம் மட்டுமா இருந்தது? தேயிலை மலைகளின் லயன்களில் வாழ்ந்த நம் மக்கள் அந்நூலில் இல்லை. 1815க்கு முற்பட்ட காலமே அதன் எல்லையாதலின் அதனைக் குறையென்று கூறேன். ஆயினும் அதே மலைகள், அதே பாதைகள்.

இதனையெல்லாம் வகுப்பிற் சொல்லிக்கொண்டிருந்தபோது, சென்ற தவணையில் மாணவன் ஒருவன் எழுந்தான். பொன் வேலை செய்யும் குடியிற் பிறந்தவன். "சேர், அவர் படம் எடுத்தார், புத்தகம் எழுதினார், பெரிய ஆளானார். அந்த வேலை செய்தவர்கள் என்னவானார்கள்?" என்று கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று. அவன் தந்தையாரை நான் அறிவேன். பட்டறை வைத்திருந்தவர்; இயந்திரத்தில் வார்த்த நகை கடைகளில் நிறைந்தபின் உலை அணைந்தது. இன்று அடகுக்கடை ஒன்றிற் பிறர் நகையை உரைத்து மாற்றுப் பார்க்கும் வேலை. செய்யத் தெரிந்த கை, செய்தவற்றை நிறுத்துக் கொடுக்கின்றது.

மாணவனுக்கு மழுப்பலான விடை கூற நான் விரும்பவில்லை. 425 படிகளுள் ஒன்றையேனும் எந்தக் கைவினைஞனும் விலைகொடுத்து வாங்கியிருக்க இயலாது என்றேன். 1956இல் நூல் மறுபதிப்பு வந்ததையும் பின்னர்ச் சிங்களத்திற் பெயர்க்கப்பட்டதையும் சொன்னேன். மறைந்துபோயிருக்கக்கூடிய கோலங்களும் பெயர்களும் அளவுகளும் அதனுள் இருக்கின்றன. இன்று கற்க விரும்புவோன் தொடங்குதற்கு ஓரிடம் உண்டு. ஆயின் ஒருவர் கண் திறந்ததனால் மற்றொருவர் அடுப்பு எரிந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவன் தலையசைத்து அமர்ந்தான், நிறைவடைந்தவனாகத் தோன்றவில்லை.

பிற்கால வரலாறு பலரும் அறிந்ததே. 1910இல் இலண்டன் அவையொன்றில், தியானத்தில் அமர்ந்த புத்தர் படிமத்தை அவித்த கொழுப்புப் பிட்டுக்கு ஒப்பிட்டார் சேர் ஜோர்ஜ் பேட்வுட் என்னும் பெரியவர். அதனாற் கொதித்தெழுந்த அறிஞர் இந்தியா சங்கத்தை நிறுவினர்; நிறுவியோருள் குமாரசுவாமியும் ஒருவர். 1917இற் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலைக்குச் சென்றார். அடுத்த ஆண்டு 'சிவநடனம்' வெளிவந்தது. தில்லைக் கூத்தனை மேனாட்டார் உணரச்செய்த கட்டுரை அதனுள் உள்ளது. 1947 ஆகஸ்டில், எழுபதாம் ஆண்டு விருந்தில், இந்தியாவுக்குத் திரும்பி வாழப்போவதாக அறிவித்தார். செப்டம்பர் 9ஆம் நாள் அங்கேயே காலமானார்.

வரும் மாதம் மாணவர்களை எம்பெக்கைத் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்திருக்கின்றேன். அங்குள்ள மரத்தூண்களைப் பார்த்து வியந்து திரும்புவது எளிது; உளி எந்தப் பக்கமாக ஓடியது, எங்கே கை மாறியது என்று சொல்லக்கூடியவர் உடன்வருதல் வேண்டும். அம்மாணவனின் தந்தையாரைக் கேட்டேன். "பொன்தான் எனக்குத் தெரியும், பண்டிதர் ஐயா. மரம் வேறு சங்கதி" என்று தயங்கினார். பின்னர், ஞாயிற்றுக்கிழமையானால் வரலாம், மற்ற நாட்களிற் கடையில் விடமாட்டார்கள் என்றார். ஞாயிறாகவே வைத்திருக்கின்றோம்.