லினக்ஸில் மவுஸ் சக்கரம் வேலை செய்யவில்லையா? கடைக்குத் தூக்கும் முன் இதைப் பாருங்கள்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இன்டெல் 7-ம் தலைமுறை வரையிலான பெரும்பாலான பிராசஸர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ‘நன்றாக ஓடுகிற மெஷினை எதற்குத் தூக்கிப்போட வேண்டும்?’ என்று யோசிப்பவர்கள் லினக்ஸ் மின்ட், உபுண்டு பக்கம் வருகிறார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். திடீரென மவுஸ் நடுவில் உள்ள சக்கரம் மட்டும் மக்கர் பண்ணும். ‘சின்ன விஷயம்தானே’ என்று தோன்றலாம். ஆனால், விரல் நடுக்கமும் மூட்டுவலியும் உள்ள பெரியவர்களுக்கு ஓரத்தில் இருக்கும் பட்டையை அழுத்திப் பிடித்து இழுப்பது பெரும்பாடு. இரண்டு நாள் பார்த்துவிட்டு, ‘இந்த லினக்ஸே வேண்டாம்’ என்று சொல்லிவிடுவார்கள். நல்ல கம்ப்யூட்டர் பரணுக்குப் போய்விடும்.

அவசரப்பட வேண்டாம். கோளாறு மவுஸிலா, இணைப்பிலா, செட்டிங்ஸிலா என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.

சக்கரமும் ஒரு பட்டன்தான்!

லினக்ஸ் திரையைப் பல ஆண்டுகளாக இயக்கிவரும் ‘எக்ஸ்’ என்ற அமைப்பு, 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் உருவானது. அப்போது மவுஸில் பட்டன்கள்தான் உண்டு. சக்கரம் பரவலானது 1996-ல் மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸ் வந்த பிறகுதான். அதனால், சக்கரத்தையும் பட்டனாகவே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மேலே ஒரு சுற்று சுற்றினால் 4-ம் பட்டன். கீழே சுற்றினால் 5-ம் பட்டன்.

இதை வைத்தே சோதிக்கலாம். லினக்ஸ் மின்டில் டெர்மினலைத் திறந்து எக்ஸ், இ, வி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சின்ன எழுத்தில் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு வெள்ளைக் கட்டம் வரும. அதற்குள் மவுஸை வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். டெர்மினலில் வரிகள் மளமளவென ஓடும். பயப்படாமல், ‘பட்டன் 4’, ‘பட்டன் 5’ என்று வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முடிவு என்ன சொல்கிறது?

* 4, 5 ஒழுங்காக வந்தால் மவுஸ் நலம். குறிப்பிட்ட ஒரு மென்பொருளில்தான் சிக்கல். திசை தலைகீழாக இருந்தால், செட்டிங்ஸின் மவுஸ் பகுதியில் ‘ரிவர்ஸ்’ அல்லது ‘நேச்சுரல்’ ஸ்க்ரோலிங்கை மாற்றினால் போதும்.

* ஒரே பக்கம் சுற்றும்போதே 4-ம் 5-ம் கலந்து வந்தால், பெரும்பாலும் உள்ளே தூசு. அல்லது சக்கரத்தின் சென்சார் தேய்ந்திருக்கும். மவுஸைக் கழற்றி, சக்கர இடுக்கில் காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள். சரியாகாவிட்டால், சில நூறு ரூபாயில் புது மவுஸ் வாங்கிவிடலாம்.

* எதுவுமே வராவிட்டால், அதே மவுஸை இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே ஓடினால், இணைப்பைச் சந்தேகப்படுங்கள்.

வட்ட பின் மவுஸா?

பழைய டெஸ்க்டாப்களில் பச்சை நிற வட்ட பின் கொண்ட பிஎஸ்/2 மவுஸ் இருக்கும். இதில் ஒரு ரகசியக் கதவுத் தட்டல் உண்டு. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது 200, 100, 80 என்ற மூன்று எண்களை வரிசையாக அனுப்பும். சக்கரம் உள்ள மவுஸ் அதைப் புரிந்துகொண்டு, ‘எனக்குச் சக்கரம் இருக்கிறது’ என்று பதில் சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னைப் பிடுங்கிச் செருகினால், மவுஸ் இந்த உரையாடலை மறந்துவிடும். அம்பு நகர்ந்தாலும் சக்கரம் ஓடாமல் போகலாம். கம்ப்யூட்டரை அணைத்து, பின்னைச் சரியாகச் செருகி, மறுபடி ஆன் செய்யுங்கள். இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே மவுஸை மாற்றித் தரும் ஸ்விட்ச் பாக்ஸ் இருந்தால், அதை நீக்கிவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள்.

வயர்லெஸ் மவுஸ் என்றால், முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அதன் ரிசீவரை நீல நிற யுஎஸ்பி போர்ட்டிலிருந்து எடுத்து, முன்பக்கக் கறுப்பு போர்ட்டில் செருகுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டுகள் கிளப்பும் இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கக்கூடும்.

அழுத்தும்போது கவனம்!

விண்டோஸில் சக்கரத்தை அழுத்திவிட்டு மவுஸை நகர்த்தினால் பக்கம் தானாக ஓடும். லினக்ஸில் அதே அழுத்தல், கடைசியாகத் தேர்வு செய்த எழுத்துகளை அந்த இடத்தில் ஒட்டிவிடும். இது கோளாறு அல்ல, பழைய வசதி. ஆனால், ஆன்லைன் படிவம் நிரப்பும்போது தெரியாமல் அழுத்தினால், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது ஏறிவிடும். சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் பழைய பழக்கம் வேண்டுமென்றால், செட்டிங்ஸில் ‘ஆட்டோஸ்க்ரோலிங்’ என்பதை டிக் செய்யலாம்.

சரிசெய்யும்வரை ஸ்பேஸ் பாரைத் தட்டினாலே பிரவுசர் பக்கம் கீழே இறங்கும். ஷிஃப்ட்டோடு சேர்த்துத் தட்டினால் மேலே ஏறும். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை இன்றே காட்டிக் கொடுங்கள். மவுஸ் சரியாகும்வரை அவர்கள் படிப்பது நிற்காது.