குறை சொல்லும் வாடிக்கைக்காரர்

அயல் மாநிலத்தில் கடை வைத்திருக்கும் தமிழருக்குச் சரக்குப் பிடிப்பதும் விற்பதும் பழகிய வேலை. விற்ற பொருள் இரண்டு நாள் கழித்து வாங்கியவர் கையிலேயே திரும்பி வருகிறதே, அந்த நேரந்தான் கடினமானது. நாலு பேர் நிற்கையில் ஒருவர் பொருளை மேசைமேல் போட்டு உரத்த குரலில் குறை கூறுகிறார். அவர் பேசும் மொழி நம்முடையதன்று. பாதி விளங்குகிறது, விளங்காத பாதியை நமது அச்சம் நிரப்பிக் கொள்கிறது. சொந்த ஊராயின், “நாளைக்கு வாருங்கள், பார்த்துக் கொள்ளலாம்” என்று சிரித்து அனுப்பும் அதே கடைக்காரர் வெளியூரில் முகம் சிவக்கிறார். பொருளைக் குறித்த சொல்லைத் தம் இனத்தைக் குறித்த சொல்லாக எடுத்துக் கொள்கிறார். எதிரே நிற்பவரும் அவ்வண்ணமே பேசத் தொடங்கினால், முந்நூறு ரூபாய்த் தகராறு மொழித் தகராறாக வளர்ந்து, பல ஆண்டு உழைத்துச் சேர்த்த நற்பெயரை ஒரு மாலைப்பொழுதில் அழித்துவிடக் கூடும்.

இதனை ஆராய்வதற்குக் கேரளத்தின் தென்கோடி ஏற்ற இடம். திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞ்ஞத்திலிருந்து பூவாறு செல்லும் பக்கத்தில் இருப்பது காஞ்சிரங்குளம். பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆட்சி எல்லை அன்று வரையப்பட்டதே தவிர, கடைத்தெருவில் எல்லை ஏது? ஒரே கடையில் ஒருவர் மலையாளத்தில் விலை கேட்பார். அடுத்தவர் தமிழில் கேட்பார். இருவரும் கடைக்காரரை “அண்ணா” என்றே விளிப்பர்.

காஞ்சிரங்குளத்துக்கு அருகிலேயே பாலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மரின் காலத்தில், திவான் உம்மிணித்தம்பியின் முயற்சியால் அவ்வூர் வணிக நகராயிற்று என்பது வரலாறு. நாகர்கோவில், வள்ளியூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் அங்கே வரவழைக்கப்பட்டன. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்ற நெசவாளர் தெருக்கள் அக்குடியேற்றத்தின் சுவடுகள். அயல்நாட்டு மக்களின் உடைவழக்கத்தை அறிந்து, அவர்கள் விரும்பிய கசவுக்கரை முண்டையும் நேரியதையும் நெய்து கொடுத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் அவர்கள். கரை அகலம் போதாது, நூல் பருத்துவிட்டது, மடிப்பு நிற்கவில்லை என்று வாங்குபவர் சொன்ன குறைகளுக்குச் செவி கொடாதிருந்தால் அந்தத் தறிகள் இருநூறு ஆண்டு ஓடியிருக்குமா?

நாம் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர். ஆதலால் நமது பார்வை முதலில் சொற்களின்மேல் செல்வதை நேயர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும். மலையாளத்துக்கும் தமிழுக்கும் பொதுவான சொற்கள் பல. தொல்லை வருவதும் அவற்றாலேயே. முழுதும் தெரியாத சொல்லுக்கு நாம் பொருள் கேட்போம். தெரிந்தது போலிருக்கும் சொல்லுக்கு யார் பொருள் கேட்கிறார்கள்?

“மோசம்” என்ற சொல்லையே கொள்வோம். மலையாளத்தில் அது தரக்குறைவைக் காட்டும் சாதாரணச் சொல். தமிழிலும் அப்பொருள் உண்டு. எனினும் “மோசம் செய்தான்”, “மோசம் போனேன்” என்னும் வழக்குகளால் நமது காதில் அச்சொல்லோடு வஞ்சனையின் நிழலும் விழுகிறது. “துணி மோசமாணு” என்று ஒருவர் சொன்னால், துணி நன்றாக இல்லை என்பதே அவர் கருத்து. கடைக்காரரோ, தம்மை மோசக்காரன் என்று சொல்லிவிட்டதாக எண்ணிக் கொதிக்கிறார். “கொள்ளாம்” என்றால் அங்கே நன்று என்பது பொருள். “கொள்ளில்ல” என்றால் நன்றாயில்லை. இதனைப் புரிந்து கொள்ளாத தமிழர், அளவு கொள்ளவில்லை போலும் என்று எண்ணிப் பெரிய அளவை எடுத்துக் காட்டுவார். வந்தவருக்கு எரிச்சல் இரட்டிப்பாகும்.

இன்னும் நுட்பமானது “பரிபவம்”. நமது இலக்கியத் தமிழில் அது அவமானத்தைக் குறிக்கும். மலையாளத்திலோ, வேண்டியவரிடம் கொள்ளும் மனத்தாங்கலே பரிபவம். “எனிக்கொரு பரிபவமுண்டு” என்று தொடங்குபவர் உறவு கொண்டாடுகிறார் என்றே கொள்ள வேண்டும். “அவசரம்” என்பதும் இவ்வகையினதே. நமக்கு அது விரைவு; அவர்களுக்கு அது வாய்ப்பு. குறை கூறி முடித்த ஒருவர், “ஒரு அவசரம் கூடி தராம்” என்று சொன்னால், இன்னும் ஒரு வாய்ப்புத் தருகிறேன் என்பது பொருள். ஒரு கடைக்காரர் கேட்கக் கூடிய நல்ல செய்திகளுள் அது ஒன்று. அவர் விரைவாகப் போக வேண்டுமாம் என்று நினைத்து நாம் அப்பால் திரும்பிவிட்டால், கொடுத்த வாய்ப்பு வீணாகிறது.

கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் கடை நடத்தும் நம்மவர் தத்தம் ஊரில் இத்தகைய சொற்களை எளிதில் கண்டு கொள்வர். பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேல் இராது. குறை கூறும்போது மக்கள் புதிய சொற்களைத் தேடுவதில்லை.

இனி, குறை சொல்பவர் யார் என்பதைப் பார்ப்போம். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இது குறித்து ஆராய்ந்தார். பொருளின் தரம் தாழும்போது வாங்குபவருக்கு இரண்டு வழிகள் உண்டு: ஒன்று விலகிப் போவது, மற்றொன்று வாய்விட்டுச் சொல்வது. இந்தச் சிந்தனைக்கு அவரைத் தூண்டியது நைஜீரிய நாட்டு இரயில்வே. தரத்தைப் பற்றிக் கண்டிப்பாக இருந்த வாடிக்கைக்காரர்கள் சரக்குகளை லாரிகளில் அனுப்பத் தலைப்பட்டனர். இரயில்வேயை உரக்கக் கண்டிக்கக் கூடியவர்கள் அவர்களே. அவர்கள் போய்விட்டபின் கண்டிக்க ஆளில்லை, ஆகவே திருந்தவும் தூண்டுதல் இல்லை. கண்டத்தைப் பற்றிய கதை ஒரு பெட்டிக்கடைக்கும் பொருந்துகிறது. காஞ்சிரங்குளத்தில் ஒரு கடையில் பொருள் பிடிக்காதவர் அதைச் சொல்ல வேண்டுமென்ற கட்டாயமில்லை; நெய்யாற்றின்கரைக்கோ பாலராமபுரத்துக்கோ பேருந்து ஏறினால் போதும். ஏறாமல், நம் கடைக்கே நடந்து வந்து, தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுகிறவர் இன்னும் நம்மை விட்டு விலகாதவர். விலகியவர் ஒன்றும் சொல்வதில்லை. கணக்குப் புத்தகம் ஆறு மாதத்துக்குப் பின் சொல்லும்.

குறைகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். எடை குறைந்தது என்று ஒருவர் சொன்னால் வாதம் வேண்டாம். அவர் கண் முன்னே மறுபடி நிறுத்துக் காட்டுவதே விடை. தராசும் படிக்கற்களும் உரிய காலத்தில் முத்திரையிடப்பட்டிருந்தால் அச்சமில்லை. விலை கூடுதல் என்று சொல்பவரிடம் கொள்முதல் கணக்கை விரிப்பதால் பயனில்லை. இதே விலையில் கொடுக்க முடியும், இதற்குக் கீழே முடியாது என்று இன்முகத்தோடு சொல்லிவிடலாம்.

துணியைப் பற்றிய குறைதான் சிக்கலானது. கைத்தறி முண்டு வாங்கிச் சென்றவர், “இழை ஒரே சீராக இல்லை” என்று திருப்பிக் கொண்டு வருகிறார் என்று கொள்வோம். பாலராமபுரத்தில் குழித்தறியில், கையால் நாடா எறிந்து நெய்யும் பழைய முறை போற்றப்பட்டு வந்தது. மனிதன் கையால் அடித்த ஊடை விசைத்தறியின் ஊடையைப் போல அணுவும் பிசகாமல் விழாது. எனவே, அவர் காட்டும் குறை உண்மையில் அது கைத்தறி என்பதற்குச் சான்றாகவே இருக்கலாம். ஆயினும், “உமக்குத் துணி தெரியவில்லை” என்று விடையிறுத்தால், துணி நம்மிடம் இருக்கும், ஆள் போய்விடுவார். விற்கும்போதே சொல்லியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு பக்கமும் ஒன்று போலத் தோன்றும் நெசவு பாலராமபுரத்துக்குச் சிறப்பு. மேசைமேல் துணியைப் புரட்டிக் காட்டி, இழையின் ஏற்றத்தாழ்வையும் அப்போதே காட்டிவிட வேண்டும். 2006ஆம் ஆண்டில் மத்திய அரசு ஏற்படுத்திய கைத்தறி முத்திரையும் வாங்குபவருக்குத் தெம்பு தரும். பாலராமபுரத் துணிக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

கசவு கறுத்துவிட்டது என்ற குறையும் அடிக்கடி கேட்பதே. அசல் சரிகை, வெள்ளிக் கம்பியைத் தட்டிப் பட்டிழையின்மேல் சுற்றித் தங்க முலாம் பூசியது. வியர்வை படிந்த துணியைக் காற்றாட விடாமல் மடித்து வைத்தால் உள்ளேயிருக்கும் வெள்ளி கறுக்கிறது. கடற்கரையை ஒட்டிய ஈரக்காற்று அதற்குத் துணை செய்கிறது. இதனை விற்கும் நாளிலேயே சொல்வது கடைக்காரர் கடமை. சொல்லாமல் விட்டிருந்தால், குறையில் ஒரு பங்கு நம்முடையதே. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்றுவிட்டு மாட்டிக் கொண்டவருக்கோ நாம் சொல்லத்தக்க உபாயம் ஒன்றுமில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைச் சிறு கடைக்காரர் பலர் அறிந்திருப்பதில்லை. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019ஆம் ஆண்டின் சட்டம் வந்து, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. ரசீது கொடாதிருத்தலை அது முறையற்ற வாணிகமாகக் கருதுகிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்க மறுத்தலும் அவ்வாறே. ரசீதில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடு; குறிக்காவிட்டால் 30 நாள். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பலகை மாட்டியிருப்பவர்கள் இதனை ஒரு முறைக்கு இருமுறை படித்துக் கொள்வது நன்று. குறையுடையவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வந்து காஞ்சிரங்குளத்தில் வாங்கியவர் கன்னியாகுமரி மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். பதில் சொல்ல நாம் அங்கே போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடவும் வழி செய்யப்பட்டுள்ளது. அச்சுறுத்துவதற்காக இவற்றைக் கூறவில்லை. கடை மேசையருகே ஐந்து நிமிடத்தில் தீரக் கூடியது ஆணையம் வரை போவதில் இருவருக்கும் இலாபமில்லை.

பொய்க் குறை சொல்பவர்களே இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. நம் கடையில் வாங்காததைக் கொண்டு வந்து நீட்டுபவரும், உடுத்திக் களைந்த துணியைப் புதிதென்று திருப்புபவரும் உண்டு. ரசீது கொடுக்கும் வழக்கமுள்ள கடையில் இவர்கள் தொல்லை குறைவு. இக்காலத்தில் கைப்பேசியில் எழுதிப் பலரும் படிக்கச் செய்வோரும் பெருகிவிட்டனர். அதற்கு மாற்றாக மைத்துனரையும் மருமகனையும் கொண்டு புகழ்மொழி எழுதுவிக்கும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் வெளியிட்ட ஐ.எஸ். 19000 என்னும் நெறிமுறை, விலைக்கு வாங்கிய புகழ்மொழிக்கு இடமில்லை என்கிறது. அது போகட்டும், ஊரார் மைத்துனரை அறியமாட்டார்களா?

விடை கூறும் முறையைப் பற்றிச் சிறிது. பேச்சுக்குக் குறுக்கே விழாமல் முழுதும் கேட்டல் வேண்டும். பின்பு, கேட்டதை அவர் மொழியிலேயே, தட்டுத் தடுமாறியேனும், திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று வினவ வேண்டும். இலக்கணப் பிழையைக் கண்டு அவர் சிரித்தாலும் நல்லதே. சினத்துக்கும் சிரிப்புக்கும் ஒரே முகத்தில் இடமில்லை. “க்ஷமிக்கணம்” என்ற ஒரு சொல்லைக் கற்றுக் கொள்வதால் நமது தமிழுக்குக் குறைவொன்றும் வந்துவிடாது. ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் பொருளை மாற்றிக் கொடாமல் நிற்பதைவிட, சொல்லாமலே மாற்றிக் கொடுப்பது மேல்.

காலணா நோட்டுப் புத்தகம் என்று முன்னோர் சொல்வார்களே, அப்படியொன்றைக் கல்லாப் பெட்டிக்கு அருகில் வைத்துக் கொள்ளலாம். தேதி, பொருள், அவர் சொன்ன சொல் அப்படியே அவர் மொழியில், நாம் செய்தது என்ன என்ற நான்கே பத்திகள். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் சரக்குப் பிடிக்கப் போகுமுன் அதை ஒரு முறை புரட்டினால், எந்த வியாபாரியின் சரக்கைத் தவிர்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ரசீதின் பின்புறத்தில், எத்தனை நாளுக்குள் மாற்றிக் கொள்ளலாம், கசவை எவ்வாறு பேண வேண்டும் என்ற இரண்டையும் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டுக் கொள்ளலாம். மலையாள வாசகத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் அடுத்த கடை மலையாளியிடம் காட்டிவிடுவது உத்தமம்.